மெத்தைக்கும் ஓர் இருக்கை

அந்தக் கதையைக் குணசீலன் ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. எட்டு வருஷமாக நம்பாமலேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். நம்பவில்லை என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாண வீடோ தீபாவளி விருந்தோ, மகள் லோஷினி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, அன்னிக்குச் செந்தூல்ல என்ன நடந்துச்சுன்னா என்று ஆரம்பித்துவிட்டால் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார், வியக்க வேண்டிய இடத்தில் தலையாட்டுவார், பிறகு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து அளப்பார். இப்போதும், தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிற இந்தப் பேருந்தில், பின்னால் நின்றுகொண்டு பெண்பிள்ளைகளுக்கு அவள் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் படிக்கிற காலத்தில், ஆளைத் தூக்கி மனிதக் கோபுரம் கட்டி ஆடுகிற பள்ளிச் சியர்லீடிங் குழு முதன்முதலாகத் தேசியப் போட்டிக்குப் போனது. ஹோட்டலுக்குக் காசில்லாமல் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் கல்யாண மண்டபத்தில் தங்கினார்கள். மண்டபத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய காற்றாடி. அதன் இறக்கைகளில் காலையில் நடந்த விருந்தின் காகிதத் தோரணம் சுற்றிக்கிடந்தது. சுவிட்சைத் தொடக் கூடாது, ஏணிக்காரன் திங்கட்கிழமைதான் வருவான் என்று சங்கச் செயலாளர் அரிகிருஷ்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புழுக்கத்தில் பிள்ளைகள் வெந்தார்கள். அப்புறம் என்ன, தெரிந்த வேலையைச் செய்தார்கள். நாலு பேர் கீழே நின்று லோஷினியைத் தூக்கிப் பிடித்தார்கள், அவள் தோரணத்தைப் பிரித்து எடுத்தாள், காற்றாடி சுற்றியது. மண்டபத்தைப் பூட்ட வந்த செயலாளர் அண்ணாந்து பார்த்தார், உள்ளே போய் வாடகைப் பணத்தை எடுத்து வந்து ஆசிரியை மிஸ் யாப்பின் கையில் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் மூன்றாம் இடம். பின் இருக்கைகளில் இப்போது கைதட்டல். இந்த இடத்தில் எப்போதும் கைதட்டல் வரும். குணசீலனும் மடியில் இருந்த கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுத் தட்டினார்.

குறைந்தது ஒரு முழம். அதுதான் அவருடைய சங்கடம். நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இத்தனை வருஷம் இருந்துவிட்டவருக்கு மரத்தைப் பார்த்தாலும் கம்பத்தைப் பார்த்தாலும் உயரம் தானாக மனசில் விழும். அந்த மண்டபத்தை அவர் பார்த்ததே, முன்பணம் கட்டப் போன ஒரு மத்தியானம்தான், ஆனாலும் காற்றாடி எங்கே தொங்கியது என்று கண்ணை மூடினால் தெரியும். கீழே நிற்கிற பிள்ளைகளின் தோள், அதற்கு மேல் முழுதாக நீட்டிய கைகள், கைகளுக்கு மேல் லோஷினியின் பாதம், அவள் அப்போது அம்மாவின் காதளவு இருந்தாள், அவளுடைய கை, விரல் நுனி வரை. பாதத்தை நுனிக்காலாகக்கூட ஆக்கிப் பார்த்தார். கூந்தலை உச்சியில் முடிந்திருந்தாள், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது, விரலால்தானே பிரிக்க வேண்டும். எப்படி வரைந்தாலும் விரலுக்கும் தோரணத்துக்கும் நடுவில் ஒரு முழம் வெறும் காற்று. அந்த ஒரு முழத்தில்தான் எட்டு வருஷமாகக் குடியிருக்கிறார். கதை நிஜமென்றால் அந்த முழத்தைக் கடக்க ஒரே வழிதான் உண்டு, பிள்ளையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். வெறும் சிமெண்டுத் தரைக்கு மேல். எறிந்து, ஒரு பிடி பிய்த்து, பிடித்து, மறுபடி எறிந்து. அதை நினைத்தால் அவருக்கு உள்ளங்கால் கூசும். கதை பொய்யென்றால் வாடகைப் பணம் எப்படி அவர் கைக்கே திரும்பி வந்தது? மிஸ் யாப்தான் கொடுத்திருக்க வேண்டும். தற்காலிக ஆசிரியை, மோட்டார் சைக்கிளில் வந்து போகிற சின்னப் பெண், குணசீலன் செய்த தவற்றை மறைக்கத் தன் கைக்காசைப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு கதையும் சொல்லிக் கொடுத்து, சபாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். ஒன்று மகளின் எலும்பு, இல்லையென்றால் தன் மானம். இரண்டில் எது போயிருந்தால் பரவாயில்லை என்று ஒரு தகப்பனைக் கேட்டால் பதில் சுலபம், ஆனால் தனியாகப் படுத்திருக்கும்போது மானம் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறதா என்ன.

ஆனால் தவறு தவறுதான், ஊருக்கே தெரியும், ஊரே சிரித்துத் தீர்த்தும்விட்டது. அப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளர் அவர். பிள்ளைகளை எண்ணினார், ஆசிரியையை எண்ணினார், ஒரு தலைக்கு ஓர் இருக்கை என்று கச்சிதமாக ஒரு சின்னப் பேருந்து பிடித்தார். இருக்கை ஒன்றுகூட வீணில்லை என்று கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். மெத்தைகளை எண்ணவில்லை. குட்டிக்கரணத்துக்கும் கோபுரத்துக்கும் கீழே விரிக்கிற கெட்டி மெத்தைகள், மடித்தால் ஆள் உயரம் நிற்கும். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, பயிற்சி முடிந்து பள்ளி வாசலில் அவை ஒரு குடும்பம் மாதிரி வரிசையாக நின்றதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு நின்றது. அவசரத்துக்கு ஒரு வேன் பிடித்தார்கள். வேன் வாடகை ஹோட்டல் காசை விழுங்கியது. ஹோட்டல் போனதால் மண்டபம். அன்றிலிருந்து தைப்பிங் சந்தையில் மீன் வாங்கப் போனாலும் அவர் மெத்தை அங்கிள்தான். இன்றைக்கு லோஷினி பயிற்சியாளர், அவள் மெத்தைகளையும் ஆட்களாக எண்ணித்தான் பேருந்து பிடித்திருக்கிறாள், அவற்றில் ஒன்று அவருக்குப் பக்கத்து ஜன்னலோர இருக்கையில் பாதுகாப்புப் பட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறது. ஏறும்போது ஓட்டுநர் ராயப்பன் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அதுக்கு ஜன்னல் சீட்டு, உங்களுக்கு இந்தப் பக்கமா? மரியாதையெல்லாம் அதுக்குத்தான் போல" என்றார். அது பசியாறவும் இறங்காது, பாத்ரூமும் கேட்காது, இந்தப் பேருந்திலேயே நல்ல பயணி அதுதான் என்று குணசீலன் பதில் சொன்னார், பிள்ளைகள் சிரித்தார்கள், அவருக்கும் கொஞ்சம் லேசாக இருந்தது. வளைவுகளில் மெத்தை அவர் தோளில் சாய்கிறது. தூங்கிவிட்ட சொந்தக்காரர் மாதிரி. வியர்வையும் பவுடரும் ரப்பரும் கலந்த வாசனை.

பின்னால் ஒரு குரல் ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட் என்றது, உடனே எல்லாரும் கத்தினார்கள், ராயப்பன் கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இவர்கள் ஒன்றிலிருந்து எண்ணுவதே இல்லை. ஐந்திலிருந்து தொடங்குவார்கள். முதல் நாலு எங்கே போகிறது என்று லோஷினியை ஒரு தடவை கேட்டார், அது மூச்சு எடுக்கிற நேரம்ப்பா, உள்ளுக்குள்ளேயே எண்ணிக்குவோம் என்றாள். உள்ளுக்குள்ளேயே எண்ணுவது அவருக்கும் தெரிந்த வேலைதான், ஆனால் அவருடைய எண்ணிக்கை எட்டுக்கு வந்து குதிப்பதில்லை, நாலிலேயே திரும்பி ஒன்றுக்கு வந்துவிடுகிறது. ஈப்போ வந்துவிட்டது. சுண்ணாம்புக் குன்றுகள், பாதி கடித்த கல்கண்டு மாதிரி. ஒரு குன்றின் உயரம் மனசில் விழுந்தது, வேண்டாம் என்று தள்ளினார், அடுத்த குன்று. இந்தத் தடவை செலவு பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் என்ன அமளி. பேருந்து வாடகை அப்போதைக்கு இப்போது இரட்டிப்பு, போட்டி வாரத்தில் ஹோட்டல்காரர்கள் வைப்பதுதான் விலை, டோல் வேறு, மூன்று நாள் சாப்பாடு வேறு. பிள்ளைகள் பள்ளித் திடலில் காருக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக் காடி கழுவினார்கள், அம்மாக்கள் முறுக்கும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும் விற்றார்கள், அப்படியும் எட்டவில்லை. குழுவில் இருக்கிற நிஷாந்தினியின் அம்மா ஹேமாவதி எழுந்து நின்று, பிள்ளைங்களத் தூக்கி மேல போடுறதுக்குக் கோலாலம்பூர் வரைக்கும் போகணுமா சார், என் வீட்டுக்கு வந்தா வாசல்லயே போடலாம், காசும் மிச்சம் என்றபோது தலைமையாசிரியரே சிரித்துவிட்டார். லோஷினிதான் சொன்னாள், செந்தூல் மண்டபம் இருக்கிறது, இப்போதைய செயலாளர் நல்ல மாதிரி, பேசிவிட்டேன் என்று. சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள்? அந்தப் பார்வையை அவர் அன்றிலிருந்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை.

இன்று காலையில் அதே ஹேமாவதி பேருந்து வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. "ஐயா, நீங்க கூடப் போறீங்கன்னுதான் இவள அனுப்புறேன். எல்லாத்துக்கும் மேல நிக்கிறது இவதான்." நான் பார்த்துக்கறேன்மா என்று சொன்னார். சொல்வதற்கு என்ன, வாய்தானே. நிஷாந்தினி குச்சி மாதிரி இருப்பாள், மேலே போகிறவள் எடை குறைந்தவளாக இருக்க வேண்டும், அவள் இரண்டு படி தாண்டி ஏறி உள்ளே ஓடிவிட்டாள். எதைப் பார்த்துக்கொள்வது? தன் மகள் எப்படிப்பட்ட பயிற்சியாளர் என்றே அவருக்குத் தெரியாதே. புழுக்கமாக இருக்கிறது என்பதற்காகச் சிமெண்டுத் தரைக்கு மேல் பறந்தவளா, இல்லை பறக்காமலே பறந்ததாக எட்டு வருஷம் சொல்லத் தெரிந்தவளா? முதலாமவள் என்றால் இன்றைக்கு அதே மண்டபத்தில், அதே கதையைக் கேட்டுக் கண் விரிந்திருக்கிற இந்தக் குச்சிப் பெண்ணை அவள் எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவாள். இரண்டாமவள் என்றால் பிள்ளை பத்திரம், ஆனால் அப்பனுக்கு அந்தக் கதை போய்விடும். போனால் போகட்டும். போகட்டுமா? கல்யாண வீடுகளில் அந்தக் கதை ஆரம்பிக்கும்போது மனைவி பத்மா அவர் பக்கம் லேசாகத் திரும்பிப் பெருமையாகப் புருவத்தை உயர்த்துவாளே, அதுவும் போய்விடும். இன்றைக்கு மண்டபத்துக்குள் கால் வைப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும். தீர்மானமாக இருந்தார். கேள்வியைத்தான் முடிவு செய்யவில்லை.

தாப்பா ஓய்விடத்தில் பேருந்து நின்றது. பிள்ளைகள் கொட்டிய நெல் மாதிரி ஓடினார்கள். லோஷினி நுரைக்க ஆற்றிய பால் தேநீர், இரண்டு தே தாரே, வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள், நுரையை ஊதினாள், அவளுடைய மணிக்கட்டில் பழைய தழும்பு. அது ஏழு வயதில் தண்ணீர்த் தொட்டிச் சுவரிலிருந்து குதித்தபோது வந்தது, செந்தூலில் இல்லை, அவருக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் பார்க்கும்போதெல்லாம் செந்தூல்தான் ஞாபகம் வருகிறது. அந்தச் சுவருக்குக் கீழே அவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். குதி என்று சொன்னதும் அவர்தான். குதித்தாள், கைக்கு வந்தாள், கையிலிருந்து வழுக்கிக் கல்லில் உராய்ந்தாள், அழவில்லை, இன்னொரு தடவை என்றாள். பயம் இல்லாத பிள்ளை. அதை அவர் பெருமையாகச் சொன்ன காலமும் உண்டு. அன்னிக்கு நீ விழுந்தியா என்று கேட்கலாமா? வேண்டாம், அது போலீஸ் கேள்வி. மிஸ் யாப் நல்லவங்கதானே? அது சுற்றி வளைக்கிறது. "லோஷி" என்று ஆரம்பித்தார். "சொல்லுங்கப்பா" என்றாள், அதற்குள் ஒருத்தி வந்து மிஸ், என் காலணி பேருந்துக்கு அடியில போயிருச்சு என்றாள். லோஷினி எழுந்து போனாள். போகிறபோது, உங்க தே ஆறுது, குடிங்க, அப்புறமா அந்த முகத்தோட என்னைப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்த முகம்? கரண்டியில் பார்த்தார். தலைகீழாக ஒரு மெத்தை அங்கிள்.

தஞ்சோங் மாலிம் தாண்டி மழை பிடித்தது. கண்ணாடியில் தண்ணீர் சாய்வாக ஓடியது, பிள்ளைகள் அடங்கித் தூங்கினார்கள், மெத்தை அவர் தோளில் சாய்ந்திருந்தது, அவரும் அதன் மேல் சாய்ந்துகொண்டார். கெட்டியாகத்தான் இருக்கிறது, கன்னம் அமுங்கவில்லை. இந்தச் சனியன்களால்தானே அவ்வளவும் என்று அன்றைக்கு எவ்வளவு கோபம் இருந்தது. அரிகிருஷ்ணன் வேறு, முன்பணம் வாங்கும்போதே, புதுசா தேய்ச்ச தரை, படுக்கிற பாயைத் தவிர எதையும் போடக் கூடாது என்று விரலை ஆட்டியிருந்தார். அன்று சாயங்காலம் மண்டபத்துக்குப் போன் செய்து லோஷினியிடம் அவர் பேசியது அந்த ஒரு விஷயம்தான். பசியாறினியா என்றுகூடக் கேட்கவில்லை. மெத்தை வேனை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினா நான் அந்த மனுஷனுக்கு முகம் காட்ட முடியாது, புரியுதா என்றார். சரிப்பா என்றாள். உடனே சரி என்றாள், அதில் ஒன்றும் சந்தேகம் வரவில்லை, அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, பயமில்லாத பிள்ளை என்பது வேறு, சொன்ன பேச்சைக் கேட்பது வேறு. அதனால்தான் வெறும் சிமெண்டு. அவர் வரைகிற படத்தில் தரை எப்போதும் பளபளவென்று, ஈரம் மாதிரி, கடினமாக இருக்கும், நாலு பிள்ளைகளின் வெறுங்கால்கள் அதில் தலைகீழாகத் தெரியும். தோள், கை, பாதம், விரல், பிறகு அந்த ஒரு முழம். தூக்கத்திலும் அளந்தார். தூக்கத்தில் ஒரு தடவை சரியாகவே வந்துவிட்டது, விழித்துப் பார்த்தால் ராயப்பன் செந்தூல் வந்திருச்சுண்ணே, உங்க சினேகிதரையும் எழுப்புங்க என்றார்.

மண்டபம் சின்னதாகிவிட்டது போல இருந்தது. சுவருக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள், தரை பழையது, பளபளப்பு போய்விட்டது. உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தார். காற்றாடி இல்லை. அது தொங்கிய கொக்கி மட்டும் இருந்தது, சுவரோரமாகக் குளிர்சாதனப் பெட்டிகள் ஓடின. எட்டு வருஷமாக மனசில் சுற்றிக்கொண்டிருந்ததை ஒருவன் சத்தமில்லாமல் கழற்றிக் கொண்டுபோய்விட்டான். ஆனால் கொக்கி இருக்கிறது, கொக்கியிலிருந்து தண்டின் நீளம் அவருக்குத் தெரியும், கண் அளந்தது, அதே ஒரு முழம், ஒரு விரற்கடைகூட மாறவில்லை. புதுச் செயலாளர் வாசலில் நின்று, எல்லாத்தையும் உள்ள கொண்டு வாங்கம்மா, என்ன வேணாலும் போட்டுக்குங்க என்று கூவினார். பிள்ளைகள் மெத்தைகளைச் சுமந்து வந்தார்கள். விரிக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று, ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னலுக்குக் கீழே அடுக்கினார்கள். அவருடைய பக்கத்து இருக்கைக்காரர் எல்லாருக்கும் மேலே போய்ப் படுத்தார். நிஷாந்தினி உடுப்புப் பைகளைத் தொங்கவிட ஒரு கயிற்றோடு வந்து ஜன்னல் கம்பியை எட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. குதித்துப் பார்த்தாள். விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் வெறும் காற்று. பிறகு யோசிக்கவே இல்லை, இரண்டு பேரைக் கூப்பிட்டாள், மூவரும் அடுக்கின் மேல் ஏறினார்கள், அடுக்கு கொஞ்சம்கூட அசையவில்லை, அவள் கையை நீட்டிக் கம்பியில் கயிற்றைச் சாவகாசமாகக் கட்டினாள், ஒரு முடிச்சு, சரியில்லை என்று அவிழ்த்து இன்னொரு முடிச்சு.

குணசீலன் அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். தரையிலிருந்து மேல்விளிம்பு வரை. கண் அளந்தது. அவர் அளக்கவில்லை, அது தானாக விழுந்தது, குறைந்தது ஒரு முழம். மறுபடி பார்த்தார். கொக்கியைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார். மார்புக்குள் ஏதோ ஃபைவ், சிக்ஸ் என்று எண்ணத் தொடங்கியது. எட்டு வருஷம் அவள் அந்தக் கதையைச் சொல்கிறாள், புழுக்கத்தைச் சொல்வாள், தோரணத்தின் நிறத்தைச் சொல்வாள், செயலாளரின் மீசை துடித்ததைச் சொல்வாள், ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அதில் மெத்தை வந்ததில்லை. அதை இறக்கக் கூடாது என்று சொன்ன அவர் இருக்கும் இடத்தில் அது எப்படி வரும். லோஷினி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவளும் கொக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவரின் மேல் நின்ற அதே முகத்தோடு.

"இன்னும் அளந்து முடியலையாப்பா?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பை நிறுத்த முடியவில்லை, கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முடிந்த வரைக்கும் பழைய பொருளாளரின் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் அவ்வளவு சொல்லியும், அன்னிக்கு நீங்க மெத்தையை வேன்லேருந்து இறக்கினீங்களா, இல்லையா?"